முந்தி நின்ற அட்டை

டிசம்பர் 28, வியாழன்

வாக்குத்தத்த அட்டைகள் எழுதி முடித்தாயிற்று. மொத்தம் இருநூற்றுப் பதினாறு. சபையில் இருப்பது நூற்று நாற்பது குடும்பம்தான். ஆனால் வருஷப்பிறப்பு ஆராதனைக்கு மட்டும் துபாய், பம்பாய் என்று எங்கெங்கோ இருக்கிற உறவெல்லாம் வந்து வரிசையில் நிற்கும். தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுத்து, அதில் எழுதியிருக்கிற வேதவசனத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு ஆண்டவர் தனக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, மறுநாள் வண்டியைப் பிடித்துவிடும்.

மற்ற சபைகளில் அச்சடித்த அட்டை வாங்குகிறார்கள். ரோஜாப்பூ, புறா, சூரிய உதயம். எங்கள் சபையில் இருபத்திரண்டு வருஷமாக என் கையெழுத்து. தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு எழுத்துகூடக் கோடு தாண்டுவதில்லை. ஆசீர் ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) நேற்று வந்து அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாமே ஆசீர்வாதமா இருக்கே டீச்சர். தீர்க்கதரிசிகள் கண்டிச்சதுல ஒண்ணு ரெண்டு சேத்தா என்ன?" என்றார். வயது முப்பத்திரண்டு. புதுச்சேலை கட்டிக்கொண்டு வருகிறவளிடம், உன் தேசம் பாழாய்ப் போகும் என்று நான் நீட்ட வேண்டுமாம். வசனத்தின் முன்னால் வருகிற 'நீ எனக்குக் கீழ்ப்படிந்தால்' என்கிற மாதிரித் துண்டுகளைக்கூட நான் விட்டுவிட்டுத்தான் எழுதுவது. அட்டை சின்னது, இடம் போதாது.

சாயங்காலம் எதிர்வீட்டு ராஜகனி தைத்த ரவிக்கையைக் கொண்டுவந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் புருஷனை இழந்தவள். ஒரே மகள் ஷைனி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். ரவிக்கையைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். இடது மார்பில் ஒரு கட்டி இருந்ததாம். பாளையங்கோட்டையில் பரிசோதித்து, நேற்று முடிவு சொல்லியிருக்கிறார்கள். அந்த வியாதிதான். ஜனவரி பதினெட்டில் ஆபரேஷன் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள்.

"ஷைனிட்ட இன்னும் சொல்லல டீச்சர். ஒங்கள்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன். நான் செத்துருவேனா?"

அவள் கையைப் பிடித்து ஜெபித்தேன். கை சில்லிட்டிருந்தது. ஜெபத்தில் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை, இன்று வந்தது.

அவள் போன பிறகு இன்னும் ஒரு அட்டை எழுதினேன். அதையும் சேர்த்து மூன்று அட்டைகளைத் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 1, திங்கள்

விடியற்காலை ஆராதனை. இருநூறு பேருக்கு மேல். வழக்கம்போல் நற்கருணை முடிந்ததும் தட்டை நான்தான் பிடித்தேன். பக்கவாட்டு வாசலில் ஐயரும் ஒரு தட்டோடு நின்றார். அவர் பக்கம் ஆள் இல்லை. "ஐயர் தப்பா நெனைக்காண்டாம், எங்களுக்கு டீச்சர் தட்டுதான்" என்று டெய்சி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு என் வரிசைக்கு வந்தாள். அவள் மகனுக்குப் போன வருஷம் வந்த அட்டை அப்படியே பலித்து, துறைமுகத்தில் வேலை கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

ராஜகனி கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். எடுத்தாள். சங்கீதத்தில் வருமே, சாகமாட்டேன், பிழைத்திருந்து ஆண்டவர் செய்ததைச் சொல்லுவேன் என்கிற பொருளில், அந்த வசனம். அங்கேயே முழங்காலில் விழுந்துவிட்டாள். வரிசை நின்றுபோனது.

எனக்கும் அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். தட்டைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் மரத்துவிட்டது, தைலம் தேய்த்திருக்கிறேன்.

ஜனவரி 4, வியாழன்

ராஜகனி அட்டையைக் கண்ணாடித்தாள் ஒட்டி லேமினேஷன் செய்து வந்து காட்டினாள். தையல் மெஷினின் மேல், கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறாளாம். நல்லா சாப்பிடுகிறாள். முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. இதைத்தானே நான் விரும்பினேன்.

ஜனவரி 9, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆராதனையில் சாட்சி சொல்ல ராஜகனி எழுந்தாள். கட்டி இருக்கிறது, பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று சொன்னதும் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் அத்தோடு உட்கார்ந்துவிடுவாள், ஜெபிக்கச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "வயலட் டீச்சர் தட்டுல இருந்து ஆண்டவர் எங்கூடப் பேசிட்டாரு. அவரு சொன்னப்பறம் நான் போயி கத்திக்கிட்ட படுத்தா அவர நம்பலன்னு ஆயிரும்லா? நான் ஆபரேஷனுக்குப் போவல" என்றாள்.

ஸ்தோத்திரம் என்று சத்தம் எழும்பியது. கை தட்டினார்கள். வெளியே வரும்போது முன்பின் பேசாத பெண்கள்கூட என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொன்னேன். எவ்வளவு பலமாகச் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

ஐயர் வீட்டுக்கு வந்தார். "வைத்தியமும் அவர் தந்ததுதானே டீச்சர். நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"ஜெபிச்சுட்டு சொல்லுதேன் ஐயர்" என்றேன். போன மாதம் இவர் ஆகாய், ஆபகூக் என்கிற இரண்டு தீர்க்கதரிசிகளை மாற்றிச் சொன்னபோது நான்தான் திருத்தினேன். என்னிடம் வந்து வைத்தியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்.

ஜனவரி 18, வியாழன்

காலை எட்டரை மணிக்கு எதிர்வீட்டில் மெஷின் ஓடத் தொடங்கியது. ஆபரேஷன் அரங்கில் இருக்க வேண்டிய நேரம். மத்தியானம் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கின சோற்றை அப்படியே பூனைக்கு வைத்தேன்.

மூன்று மணிக்கு ஷைனி போன் செய்தாள். யாரோ சொல்லித்தான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. அழுதுகொண்டே பேசினாள்.

"டீச்சர், ஒங்க பேச்சத்தான் அம்மா கேப்பா. தள்ளிப் போட்டா பரவிரும்னு டாக்டர் சொல்லுதாவ. ஒங்க காலுல விழுந்து கேக்கேன், நீங்க சொல்லுங்க."

"விசுவாசமா இரு மக்கா, ஜெபிப்போம்" என்றேன். போனை வைத்த பிறகு, சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாவது தடவை போட்டேனா என்றுகூட இப்போது நிச்சயமில்லை.

பிப்ரவரி 3, சனி

கட்டி சின்னதாகிவிட்டது என்கிறாள் ராஜகனி. அளந்து பார்த்தாயா என்று கேட்டேன். "ஏன் டீச்சர், நீங்களே கேக்கிய?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

லெந்து என்கிற தவநாட்கள் ஆரம்பம். ஈஸ்டர் வரை வெள்ளிதோறும் பெண்களுக்கு நான் வேதபாடம் நடத்துகிறேன். தலைப்பு: தீர்க்கதரிசிகள் கண்டித்த விக்கிரகங்கள். நானே தேர்ந்தெடுத்தது, நவம்பரிலேயே. இப்போதென்றால் ரூத்தின் கதையை எடுத்திருப்பேன்.

இன்னொரு செய்தி. மார்ச் பதினாறாம் தேதி எங்கள் சேகரத்தின் ஏழு சபைப் பெண்களும் கூடுகிறார்கள். செய்தி கொடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். அதே தலைப்பில். வழக்கமாக வெளியூரிலிருந்து பெரிய ஆட்களைத்தான் அழைப்பார்கள். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'தேவ வார்த்தையைப் பெற்றுத் தருகிற' என்று போட்டிருக்கிறார்கள். அதை எடுக்கச் சொல்ல வேண்டும். இன்று நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

எசேக்கியேலின் முன்னால் இஸ்ரவேலின் மூப்பர்கள் வந்து உட்காருகிற இடம். வெளியே பார்த்தால் பக்தி, வாக்குக் கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவனும் நெஞ்சுக்குள் ஒரு விக்கிரகத்தை நட்டு வைத்திருக்கிறான் என்று ஆண்டவர் தீர்க்கதரிசிக்குச் சொல்லிவிடுகிறார். நன்றாக நடத்தினேன். நகை, செல்போன், பிள்ளைகளின் மார்க் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அடித்தேன். டெய்சி தன் கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளினாள். பிறகு எரேமியாவின் காலத்து அனனியாவுக்கு வந்தேன். அந்நிய ராஜாவின் நுகம் இரண்டே வருஷத்தில் முறியும், பயப்படாதீர்கள் என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொன்னவன்.

ராஜகனி கேட்டாள்: "டீச்சர், அந்த ஆளுக்குத் தான் சொல்லுதது பொய்யின்னு தெரியுமா? இல்ல, உண்மையின்னு நெனச்சுத்தான் சொன்னானா?"

"வேதத்தில் அது எழுதவில்லை" என்றேன், புத்தகத் தமிழில். பள்ளிக்கூடத்திலும் பதில் தெரியாத கேள்விக்கு அப்படித்தான் பேசுவேன்.

"ஜனங்க மேல எரக்கப்பட்டுக்கூட சொல்லிருக்கலாம், பாவம்" என்றாள் அவள்.

எல்லோரும் பேசிக்கொண்டே போனார்கள். பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த வசனத்தை வாசித்தேன். அவன் அந்த வருஷமே செத்துப்போனான். அவனை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ரவிக்கைக் கொக்கி தளர்ந்ததாகச் சாக்குச் சொல்லி எதிர்வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மூன்று பெண்கள். ஒருத்தி பக்கத்து ஊரிலிருந்து வந்திருக்கிறாள், அவள் மாமியாருக்குச் சிறுநீரகம் சரியில்லையாம். அட்டையைக் கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். ராஜகனி ஊசியில் நூல் கோக்குமுன் அட்டையைத் தொட்டுக்கொள்கிறாள். தூங்கும்போது கட்டியின்மேல் வைத்துக்கொள்கிறாளாம்.

நூலை எடுக்கக் கையைத் தூக்கினபோது முகம் சுளித்தாள். கை முழுதாக மேலே போகவில்லை. "தையல் வேல, தோள்பட்ட வலி" என்றாள். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

எசேக்கியா ராஜா உடைத்த வெண்கலப் பாம்பைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். அது மோசே செய்தது. ஆண்டவர் செய்யச் சொன்னார், பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்து உண்மையாகவே பிழைத்தார்கள். அப்படிப்பட்டதற்கே பின்னால் தூபம் காட்ட ஆரம்பித்ததால் ராஜா அதை உடைத்து, இது வெறும் வெண்கலம் என்றான். என்னுடையதோ ஆண்டவர் செய்யச் சொன்னதுகூட இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

அட்டைகளைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கிற மாதிரி அடுக்குவேன். கட்டைவிரலால் ஒரு அட்டையை அரை விரல் அளவு முன்னால் தள்ளினால் போதும். கண்ணைத் திறந்து எடுக்கிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள், மூடிக்கொண்டு எடுக்கிறவர்களின் விரலிலும் அதுதான் முதலில் தட்டுப்படும். பதினைந்து வருஷத்துக்கு முன் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். பிள்ளையில்லாத ஒருத்திக்கு, வேதத்தில் ஜெபித்துப் பிள்ளை பெற்ற அன்னாளின் வசனம் போனால் நன்றாக இருக்குமே என்று பரிதாபப்பட்டுத் தள்ளினேன். அடுத்த வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு, மூன்று. டெய்சியின் மகன் பரீட்சை எழுதியிருந்தது எனக்குத் தெரியும். பலிக்காத அட்டைகளைப் பற்றி யாரும் சாட்சி சொல்வதில்லை, ஆகையால் எண்ணிக்கை என் பக்கமே ஏறிக்கொண்டு வந்தது.

ராஜகனிக்குப் பரிதாபத்தில்தான் செய்தேன். அவள் பயம் போகட்டும் என்று. அது உண்மை. ஆனால் அன்று அவள் முழங்காலில் விழுந்தபோது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வைக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, பள்ளிக்கூடமும் போயிற்று. வருஷத்தில் ஒருநாள் அந்தத் தட்டோடு நிற்கும்போது எனக்கு எதுவும் குறையாகத் தெரிந்ததில்லை.

ஓசியாவிலும் எசேக்கியேலிலும் ஆண்டவர் தம் ஜனத்தைப் பார்த்துச் சோரம் போனவளே என்று பேசுகிற இடங்களை வகுப்பில் மெதுவாக வாசித்துவிட்டுத் தாண்டிப் போவேன், பெண்கள் கூச்சப்படுவார்களே என்று. இன்று உரக்க வாசித்தேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 6, புதன்

சொல்லிவிட்டேன். பிரயோஜனம் இல்லை.

பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ராஜகனி, அந்த அட்டைய நீயா எடுக்கல. நான் எடுக்க வச்சேன்" என்றேன். கட்டைவிரல் விஷயம், ரப்பர் பேண்ட், டெய்சி மகன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"அதுக்கென்ன டீச்சர்? பிலேயாமோட கழுதையக் கொண்டு பேசினவருக்கு ஒங்க கட்டவிரலக் கொண்டு பேசத் தெரியாதா?"

அந்தக் கழுதைப் பாடத்தை அவளுக்கு நடத்தியவள் நான்தான். அழகாக நடத்தியிருக்கிறேன்.

"ஏட்டி, நான் பொய் சொல்லிருக்கேன். ஒன் உசுரு போயிரும். நாளைக்கே பாளையங்கோட்டைக்குப் போவோம், நான் கூட வாறேன்."

அவள் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை, என்மேல் பரிதாபம். "லெந்து நாள்ல சோதன வரும்னு நீங்கதான சொல்லுவிய? ஒங்க விசுவாசத்த சாத்தான் அசைக்கான் டீச்சர். இருங்க, ஒங்களுக்காக ஜெபிக்கேன்" என்றாள். மெஷின்மேல் இருந்த அட்டையை எடுத்து என் தலையில் வைத்தாள். என் கையெழுத்தை என் தலையிலேயே வைத்து, உருக்கமாக, ஐந்து நிமிஷம் ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன்.

மார்ச் 9, சனி

ஷைனி இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு வழிதான் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டாள். கண்ணால் பார்க்க வேண்டும், அவள் விரலுக்கே தெரிய வேண்டும். அதுவும் தனியாகச் செய்தால் என் சோதனை என்றுதான் சொல்லுவாள். எல்லோரும் இருக்கிற இடத்தில் செய்ய வேண்டும்.

பதினாறாம் தேதி மழை பெய்து கூட்டம் நின்றுவிடாதா என்று வானத்தைப் பார்க்கிறேன். மார்ச் மாதத்தில் மழையாவது.

மார்ச் 16, சனி

நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. பந்தலுக்குள் வெயில் அடித்தது. ஐயர் என்னை அறிமுகப்படுத்தினார். நோட்டீஸில் இருந்த வார்த்தையை அவர் வாசிக்காமல் விட்டார், அதற்காக அவரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

பிரசங்கத் தாளை மடித்து வைத்துவிட்டுத் தட்டை எடுத்தேன். "இதுல நாப்பது அட்ட இருக்கு. ஒண்ணு வெத்து அட்ட. ஒண்ணும் எழுதாதது. மூணு பேரக் கூப்பிடுதேன். மூணு பேரையும் அந்த வெத்து அட்டைய எடுக்க வைக்கப் போறேன்" என்றேன். பெண்கள் சிரித்தார்கள், ஏதோ விளையாட்டு என்று.

முதலில் டெய்சி. கண்ணை மூடி எடுத்தாள். வெற்று அட்டை. கைதட்டினார்கள். அதைத் திரும்ப வாங்கி அடுக்கிக்கொண்டு, வேற்றூர்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டேன். அவள் கையை அடியில் விட்டு எங்கிருந்தோ ஒன்றை உருவினாள். எழுதின அட்டை. "பாத்தியளா, எல்லாத் தடவையும் நடக்காது. பத்துக்கு எட்டு நடக்கும்" என்றேன்.

மூன்றாவது ராஜகனி. நிமிர்ந்து வந்தாள். பயமே இல்லை அவளுக்கு. இவள் தப்பி எடுத்துவிட்டால் போதும், சாகிற வரை அந்த அட்டையை விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலால் தள்ளினேன். விரல் வியர்த்து வழுக்கியது. இதையும் எழுதிவிடுகிறேன்: நடக்காமல் போகட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். நடக்காவிட்டால் இன்றோடு எல்லாவற்றையும் வேடிக்கையாக்கி, பிரசங்கத்தைத் தொடர்ந்து, சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

அவள் உதடு அசைந்தது, ஜெபித்திருப்பாள். விரல்கள் அட்டைகளின்மேல் ஓடிவிட்டுத் திரும்பி வந்து, முந்தி நின்றதை எடுத்தன.

முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"வருஷப்பெறப்பு அன்னைக்கும் இப்பிடித்தான் செஞ்சேன்" என்று மைக்கில் சொன்னேன். "ராஜகனிக்கு நான்தான் செஞ்சேன். ஆண்டவர் அந்த அட்டைய அவளுக்குக் குடுக்கல. பதினஞ்சு வருஷமா இதச் செய்யுதேன். விக்கிரகத்தப் பத்திப் பேசக் கூப்பிட்டிய. இந்தத் தட்டுதான். தட்டப் பிடிச்சு நிக்கவளுந்தான்."

"அப்ப எம்மவன் வேல?" என்று டெய்சி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். ராஜகனி வெற்று அட்டையைக் கையில் பிடித்தபடியே பந்தலை விட்டு வெளியே போனாள். செருப்பைப் போட மறந்துவிட்டாள். செருப்பை நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன், இப்போது வாசலில் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். என் பெஞ்சில் நான் மட்டும். ஐயர் வாசலில் கை குலுக்கும்போது என் கையைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தார். "அடுத்த வருஷத்துக்கு அச்சடிச்ச அட்டையே வாங்கிருவோம் டீச்சர்" என்றார். "நல்லது" என்றேன்.

எதிர்வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. கதவும் திறக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

சத்தம் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

பதினோரு மணிக்கு ராஜகனி வந்தாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"கட்டி சின்னதாவல டீச்சர். பெருசாத்தான் ஆயிருக்கு. எனக்குத் தெரியும். கைக்கடியிலயும் வந்துட்டு."

நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

"ரெண்டரை மாசம் நான் பயமில்லாம இருந்தேன். அவரு செத்தப்பறம் அப்பிடி இருந்ததே இல்ல. அதயும் நீங்கதான் குடுத்திய, நீங்கதான் பறிச்சிய. ஒங்கள என்ன செய்யன்னு எனக்குத் தெரியல." தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஷைனிட்ட நீங்களே சொல்லுங்க. எல்லாத்தையும். ஆஸ்பத்திரிக்கு நாளு கேக்கச் சொல்லுங்க."

சொன்னேன். ஷைனி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "ஜனவரில நான் ஒங்கள்ட்ட கெஞ்சினேன்லா டீச்சர்" என்றாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

மார்ச் 26, செவ்வாய்

இன்று ஆபரேஷன். நேற்றே காரில் மூவரும் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டோம். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று ஷைனி சொன்னாளாம், ராஜகனிதான் வரட்டும் என்றிருக்கிறாள். முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன்.

பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டாள்: "டீச்சர், நீங்க தள்ளாம இருந்திருந்தா அன்னைக்கு எனக்கு எந்த அட்ட வந்திருக்கும்?"

"தெரியாது ராஜகனி."

"அது தெரியாமத்தான எல்லாரும் இருக்காவ" என்றாள்.

காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் தோடு, வளையல் எல்லாம் கழற்றி ஷைனியிடம் கொடுத்தாள். கைப்பைக்குள் அந்த லேமினேஷன் அட்டை இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

நாலரை மணி நேரம். எனக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. உதவி செய்யும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் சேர்க்காமல்.

மார்ச் 27, புதன்

டாக்டரம்மா ஷைனியை அழைத்துப் பேசினார்கள். நானும் பின்னால் நின்றேன். மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் உள்ள முடிச்சுகளிலும் பரவியிருக்கிறது. இனி மருந்து ஏற்ற வேண்டும், பார்க்க வேண்டும், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. "ஜனவரிலயே வந்திருந்தா" என்று தொடங்கி, ஷைனியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

ஷைனி என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஊருக்குப் போங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன்."

பையை எடுத்தேன். படிக்கட்டுவரை போய்விட்டேன். பின்னாலேயே ஷைனி வந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, "அம்மா ஒங்களக் கேக்கா" என்றாள்.

ராஜகனிக்கு வாய் உலர்ந்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். கண்ணை மூடியபடியே, "டீச்சர், ஒரு வசனம் சொல்லுங்க" என்றாள்.

எத்தனை தெரியும் எனக்கு. அதிகாரம், வாக்கியம் எண்ணோடு, முப்பது வருஷமாக. ஒவ்வொன்றாக வாய்வரை வந்தது. எதைச் சொன்னாலும் என் கட்டைவிரல் அதைத் தள்ளுவதுபோல் எனக்குத் தெரிந்தது.

"இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல ராஜகனி" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஊசி குத்தாத கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தாள்.

"அப்ப சும்மா இங்கன இருங்க."

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெளியே போகலாம் என்று சொல்கிற வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.